பன்னிரண்டு சதவீதம் பதினேழை விடக் கூடுவது எப்படி?

களுவாஞ்சிக்குடியில் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். தங்கையின் சீதன வீட்டுக்குக் கூரை போட்டு முடிக்க ஐந்து இலட்சம் ரூபாய் வேண்டும். சம்பளம் போகும் வங்கி 17 சதவீத வட்டி என்கிறது. மட்டக்களப்பு நகரில் ஒரு நிதி நிறுவனம் 12 சதவீதம் என்கிறது. இரண்டும் நான்கு வருடக் கடன். அப்படியிருக்க, விபரம் தெரிந்தவர்கள் ஏன் வங்கிக்கே போகச் சொல்கிறார்கள்? கூடவே இன்னொரு கேள்வி: அதே பாடசாலையில் படிப்பிக்கும் ஒருவர் வங்கியில் இதே தொகையை இதே வட்டிக்கு எடுத்து, இரண்டு வருடம் ஒரு மாதமும் தவறாமல் கட்டியிருக்கிறார். இன்னும் இரண்டு இலட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேல் நிற்கிறது என்கிறதாம் வங்கி. பாதிக் காலம் கட்டியும் பாதி முதல் குறையவில்லையே, இது ஏமாற்று இல்லையா?

தம்பி, இரண்டாவது கேள்விக்கு ஒரு சொல்லில் பதில்: ஏமாற்று இல்லை. கணக்கு சரி. முதலாவதற்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். ஏமாற்று என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அதுவும் சட்டப்படி சரியான ஏமாற்று.

வட்டி வீதத்தைச் சொல்பவர்கள் அது எந்தத் தொகையின் மீது என்று சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. கோயில் திருவிழாவுக்கு நூறு கதிரை வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் விழா. ஒவ்வொரு நாள் முடிவிலும் இருபத்தைந்து கதிரையைத் திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். கதிரைக்காரர் இரண்டு விதமாகக் கணக்குப் போடலாம். முதல் நாள் நூறு, இரண்டாம் நாள் எழுபத்தைந்து, பிறகு ஐம்பது, இருபத்தைந்து என்று உங்களிடம் இருந்த கதிரைக்கு மட்டும் வாடகை கேட்கலாம். அல்லது எத்தனை திரும்பி வந்தாலும் நான்கு நாளும் நூறு கதிரைக்கே வாடகை என்று சொல்லலாம். இரண்டாமவர் கதிரைக்கு இரண்டு ரூபாய் குறைத்துச் சொன்னால் நீங்கள் ஏமாறுவீர்களா? மாட்டீர்கள். பந்தலிலேயே சண்டை பிடிப்பீர்கள். ஆனால் காசு விடயத்தில் நாம் எல்லோரும் தலையாட்டிக் கையெழுத்து வைக்கிறோம்.

முதலாவது விதத்துக்குக் குறைந்து செல்லும் நிலுவை மீதான வட்டி என்று பெயர். வங்கிகளின் தனிநபர் கடன் பெரும்பாலும் இந்த முறைதான். இரண்டாவது நிலையான வட்டி. எழுத்தில் அப்படி எழுதினாலும் மேசையில் 'பிளாட் ரேட்' என்றுதான் சொல்வார்கள். லீசிங், சாமான் தவணைக்கு வாங்குதல், கிழமைக் கடன் ஆகியவற்றில் நீங்கள் கேட்கும் வீதம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது உங்கள் கணக்கு. நிதி நிறுவனம்: 500,000 ரூபாய்க்கு 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு 60,000. நான்கு வருடத்துக்கு 240,000. முதலோடு கூட்டினால் 740,000. அதை 48 ஆல் பிரித்தால் மாதத் தவணை 15,417. இந்தக் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். அதன் கவர்ச்சியும் அதுதான்.

வங்கி: முதல் மாதம் உங்களிடம் இருப்பது முழு ஐந்து இலட்சம். அதற்கு 17 சதவீதம், பன்னிரண்டால் பிரித்தால், 7,083 ரூபாய் வட்டி. தவணை 14,428. அதில் 7,083 வட்டிக்குப் போக 7,345 கடன் முதலிலிருந்து கழிகிறது. அடுத்த மாதம் நிலுவை 492,655. வட்டி 6,979 ஆகக் குறைகிறது. முதலுக்குப் போவது 7,449 ஆகக் கூடுகிறது. இப்படியே 48 மாதம். கடைசித் தவணையில் வட்டி இருநூறு ரூபாய்தான், மீதி முழுவதும் முதல். மொத்தம் நீங்கள் கட்டுவது ஏறத்தாழ 692,500. வட்டி 192,500.

17 சதவீதக் கடன் 12 சதவீதக் கடனை விட மாதம் ஆயிரம் ரூபாய் அளவில் குறைவு. நான்கு வருடத்தில் 47,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். உங்கள் 12 சதவீத நிலையான வட்டியை வங்கி முறைக்கு மாற்றிச் சொன்னால் அது ஏறத்தாழ 20.75 சதவீதம். ஒரு வருடக் கடனாக இருந்தால் அதே 12, இருபத்தொன்றரை ஆகியிருக்கும். வீட்டில் மனக்கணக்காக, நிலையான வட்டியை இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். துல்லியம் இல்லை, ஆனால் ஆளை விழுத்தாது.

உங்கள் நண்பரின் புதிரும் இந்தத் தவணைக் கணக்கிலேயே அவிழ்கிறது. தவணை எல்லா மாதமும் ஒரே தொகையாக இருப்பதால் அதன் உள்ளே நடப்பது வெளியே தெரிவதில்லை. ஆரம்பத்தில் பாதிக்குப் பாதி வட்டி, பிறகுதான் முதல் வேகமாகக் கரையும். 24 மாதத்தில் அவர் கட்டியது 346,000 ரூபாய் அளவில். அதில் 138,000 வட்டி. கடன் முதலிலிருந்து கழிந்தது 208,000. மீதி 291,800. வங்கி சொன்ன தொகையோடு ஒத்துப்போகிறதல்லவா? பாதிக் காலத்தில் பாதி முதல் கழியும் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை.

சில வங்கிகளில் இன்னொரு வகை உண்டு. முதலை 48 சம பங்காகப் பிரித்து, மாதம் 10,417 முதலும் அன்றைய நிலுவைக்கான வட்டியும் கட்டச் சொல்வார்கள். அப்போது முதல் மாதம் 17,500 கட்ட வேண்டும். கடைசி மாதம் 10,564தான். மொத்த வட்டி 173,500 அளவில், அதாவது சமத் தவணையை விட 19,000 ரூபாய் குறைவு. தொடக்கத்தில் மூச்சு முட்டும். வீட்டு வேலை நடக்கும்போதே சம்பளத்தில் 17,500 போவது உங்களுக்குக் கட்டுமா என்பது நீங்கள்தான் பார்க்க வேண்டியது.

நானே ஒரு தடவை ஏமாந்தவன். முப்பது வருடம் வங்கியில் வேலை செய்தேன்; அதில் முதல் பத்து வருடமும் எழுதுவினைஞன். அந்தக் காலத்தில் கல்முனைக்குப் போய்வர மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தவணைக்கு எடுத்தேன். பகலெல்லாம் மற்றவர்களுக்கு நிலுவை வட்டி போட்டுக் கொடுத்த கைதான், 'பதினொன்றுதான் சேர்' என்று அவர்கள் சொன்னதும் கையெழுத்தும் வைத்தது. எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், வேலையில்லாத நேரம், பழைய பேரேட்டுத் தாளின் பின்பக்கத்தில் கணக்கை எழுதிப் பார்த்தேன். பத்தொன்பதைத் தாண்டி நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்கு இன்றுவரை தெரியாது.

ஊரில் 'நூற்றுக்கு மூன்று' என்று வட்டிக்குக் கொடுப்பவரை எல்லோரும் திட்டுகிறோம். மாதம் மூன்று, வருடத்துக்கு 36. கொடியதுதான், நான் அவருக்காகப் பேச வரவில்லை. ஆனால் அவர் கணக்கில் ஒரு நேர்மை இருக்கிறது. முதல் முழுவதும் உங்கள் கையில் இருக்கும்வரை முழுவதற்கும் வட்டி; பாதியைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் பாதிக்குத்தான் வட்டி கேட்பார். திருப்பிக் கொடுத்த காசுக்கும் சேர்த்து வட்டி எடுக்கும் யோசனை, அச்சடித்த படிவமும் குளிரூட்டிய அறையும் உள்ளவர்களுக்கு வந்தது. மீற்றர் வட்டி வேறு கதை. முன்கூட்டியே வட்டியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்து, நாள் கணக்கில் ஏற்றுவது. அதற்குச் சதவீதம் பார்ப்பதே வீண், போகாதீர்கள்.

நிலையான வட்டியின் முழு வலிமையைப் பார்க்க வேண்டுமென்றால் படுவான்கரைப் பக்கம் பெண்கள் குழுவாக உட்கார்ந்து கட்டும் கிழமைக் கடனைப் பார்க்க வேண்டும். ஒருவர் 50,000 எடுக்கிறார். கிழமைக்கு 1,250 வீதம் ஐம்பது கிழமை. மொத்தம் 62,500. 'வருடத்துக்கு 25 சதவீதம்' என்பார்கள். உண்மையில் நிலுவை மீது கணக்கிட்டால் அது வருடத்துக்கு 47 சதவீதத்துக்கு மேல். ஏனென்றால் ஏழாம் நாளே திருப்பத் தொடங்கிவிடுகிறார். வருடம் முழுவதும் சராசரியாக அவர் கையில் இருப்பது 25,000 அளவுதான். முதலிலேயே படிவச் செலவு, காப்புறுதி, கட்டாயச் சேமிப்பு என்று இரண்டாயிரம் மூவாயிரம் கழித்திருந்தால் ஐம்பதையும் தாண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது என்று எங்கள் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்கள் சிதறின என்பதை நீங்களே வகுப்பறையில் பார்த்திருப்பீர்கள். திடீரென்று பாடசாலைக்கு வராமல் போன பிள்ளைகள். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்ததும், 2019 தொடக்கத்தில் மத்திய வங்கி நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்குக் கட்டணங்கள் உட்பட 35 சதவீதம் என்ற உச்சவரம்பை வைத்ததும் இந்தக் கூத்துக்குப் பிறகுதான். 'கட்டணங்கள் உட்பட' என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். வீதத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் கட்டணமாக மாறி வரும் என்று அவர்களுக்கும் தெரியும்.

உங்கள் விடயத்திலும் கட்டணம் இருக்கிறது. ஆவணக் கட்டணம், முத்திரைத் தீர்வை, கடன் காப்புறுதி, பரிசீலனைச் செலவு. இவற்றைத் தனியாகக் கட்டச் சொன்னால் உறைக்கும். அதனால் பெரும்பாலும் கடனிலிருந்தே கழித்துவிட்டு மீதியைக் கணக்கில் போடுவார்கள். அந்த நிதி நிறுவனம் 15,000 ரூபாயைக் கழித்து 485,000 தருகிறது என்று வையுங்கள். நீங்கள் தவணை கட்டுவது 500,000க்கு. கையில் கிடைத்தது 485,000க்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 20.75 என்பது 22.5 ஆகிவிடும். மாதந்தோறும் கட்டுவதால் வட்டி வட்டியைச் சேர்க்கும் விளைவையும் எடுத்து வருட விளைவு வீதமாகச் சொன்னால் 25. பன்னிரண்டில் தொடங்கிய பேச்சு இருபத்தைந்தில் வந்து நிற்கிறது, ஒரு பொய்யும் சொல்லாமல். வங்கியிலும் இந்தக் கழிவுகள் உண்டு. ஆகவே இரண்டு இடத்திலும் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: என் கையில் வரும் தொகை எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, எத்தனை தவணை. இந்த மூன்றும் தெரிந்தால் வட்டி வீதத்தை அவர்கள் சொல்லவே வேண்டாம். கைப்பேசியில் கடன் கணிப்பான்கள் நிறைய இருக்கின்றன. எக்செல்லிலும் ஒரு வரியில் வந்துவிடும்.

காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் உள்ளவர்கள் முறாபஹா என்ற இஸ்லாமிய முறையில் எடுப்பார்கள். அதில் வட்டி இல்லை. பொருளை வாங்கி இலாபம் வைத்து விற்கும் விற்பனை அது. மார்க்க அடிப்படையில் இரண்டும் ஒன்றல்ல, அதை நான் குழப்பவில்லை. ஆனால் விலையை ஒப்பிட விரும்புகிறவர் அங்கும் அதே மூன்று கேள்வியைக் கேட்கலாம்.

இனி, நான் அதிகம் பயப்படும் இடம். வங்கி தரும் 17 நான்கு வருடமும் 17ஆ? ஒப்பந்தத்தில் 'நிலையான வீதம்' என்றிருந்தால் சரி. (சொல் குழப்புகிறது, பாருங்கள். இங்கே 'நிலையான' என்றால் மாறாத வீதம். மேலே சொன்ன பிளாட் ரேட் அல்ல. ஒரே சொல்லை இரண்டுக்கும் பாவிக்கிறோம். அதிலேயே பாதிப் பேர் விழுகிறார்கள்.) மாறும் வீதம் என்றால், வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடன் வீதத்தின் சராசரியை மத்திய வங்கி கிழமைதோறும் வெளியிடுகிறது; அதற்கு மேல் நான்கு, ஐந்து என்று கூட்டி உங்களுடையதைத் தீர்மானிப்பார்கள். வங்கிக்குள் இதை 'ஏ.டபிள்யூ.பி.ஆர்.' என்று எழுத்துகளால் மட்டும் சொல்வார்கள். 2021 முடிவில் அந்தச் சராசரி 9 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வீதங்களை, அதாவது நாட்டின் மற்ற வட்டிகளுக்கு வழிகாட்டும் வீதங்களை, ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அந்த வருட முடிவில் சராசரி 27ஐத் தாண்டிவிட்டது. மாறும் வீதத்தில் கடன் எடுத்தவர்கள் சிலருக்கு, கட்டும் தவணை அந்த மாத வட்டிக்கே போதவில்லை. கட்டக் கட்ட நிலுவை வளர்ந்தது. அப்படியொரு கணக்குக்கூற்றை எடுத்துக்கொண்டு ஒருவர் என் வீட்டுப் படலையடிக்கு வந்தார். அதில் பிழை கண்டுபிடித்துத் தருவேன் என்று நம்பி வந்திருந்தார். பிழை இல்லை. அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

பிறகு வீதங்கள் இறங்கின. 2024 நவம்பரில் மத்திய வங்கி ஒரே கொள்கை வீதத்துக்கு மாறி அதை 8 சதவீதம் என்று வைத்தது; 2025 மே மாதத்தில் 7.75. ஆனால் ஏறும்போது மின்னல் வேகத்தில் வருவது இறங்கும்போது மாட்டு வண்டியில்தான் வரும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், உச்சவரம்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு சதவீதம் கூடினாலும் பரவாயில்லை, மாறாத வீதத்தை எடுங்கள் என்பதே சம்பளக்காரருக்கு என் அபிப்பிராயம். எல்லா வங்கிக்காரரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒருவருக்கு 15, மற்றவருக்கு 19 என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்குப் பெரிய இரகசியம் இல்லை. நிரந்தர அரச வேலையா, சம்பளம் அந்த வங்கிக்கே வருகிறதா, பிணையாளர் யார், கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை சுத்தமா என்று பார்ப்பார்கள். 'கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது' என்று ஊரில் சொல்வது அந்த அறிக்கையைத்தான். நீங்கள் வேறு யாருக்காவது பிணை நின்றிருந்தால் அதுவும் அதில் இருக்கும். ஆசிரியர் ஓய்வறையில் நட்புக்காகப் போட்ட கையெழுத்து உங்கள் வட்டியில் வந்து நிற்கலாம்.

இடையில் கையில் காசு வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் வயல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு வருடம் முடிந்த நிலையில், பெரும்போக நெல்லை விற்று ஒரு இலட்சம் ரூபாயைக் கடனில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று வங்கி கேட்கும், அல்லது கேட்காமலே தவணையைக் குறைத்துவிடும். காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மீதி 24 தவணை 15 ஆகச் சுருங்கும். வட்டியில் 32,000 ரூபாய் அளவில் மிஞ்சும். இதில் முன்கூட்டியே தீர்ப்பதற்கான கட்டணத்தைக் கழித்துப் பாருங்கள். அது ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. பிளாட் ரேட் கடனில் இந்தச் சலுகை பெரும்பாலும் பேச்சளவில்தான். வட்டி முழுவதையும் முதல் நாளே தவணையில் ஏற்றிவிட்டதால், இடையில் தீர்க்கப் போனால் எவ்வளவு தள்ளித் தருவார்கள் என்பது அவர்களுடைய விதியில் தங்கியிருக்கிறது. கையெழுத்து வைப்பதற்கு முன்பே, '24ஆம் மாதத்தில் தீர்த்தால் எவ்வளவு கட்ட வேண்டும்' என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தமிழில் கேளுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் பன்னிரண்டு பக்கத்தை வாசித்ததாகக் கையெழுத்து வைக்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கடைசியாகத் திகதி. வங்கிகள் வட்டியை நாள் கணக்கில்தான் போடுகின்றன: அன்றைய நிலுவை, வீதம், 365ஆல் பிரித்தல். உங்கள் முழு ஐந்து இலட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 233 ரூபாய். சம்பளம் 25ஆம் திகதி வருகிறது, கடன் 10ஆம் திகதி கைக்கு வருகிறது, முதல் தவணை அடுத்த மாதம் 25ஆம் திகதி என்றால் 45 நாள் வட்டி ஏறியிருக்கும். முதல் தவணையில் முதலுக்குப் போவது நாலாயிரத்துக்குச் சற்றுக் கீழேதான். கூரை மரம் வருவதற்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது என்றால், காசு கணக்கில் விழும் நாளை 24ஆம் திகதிக்குத் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். முகாமையாளர் கொஞ்சம் முகம் சுளிப்பார். செய்து தருவார்.